சக்கரக் கல்லுக்கு முதல் குடம்

கூட்டாளிகளே, நீங்கள் கேட்டது மூன்று பக்கம். ஊர் தோன்றிய வரலாறு இரண்டு பக்கம், பார்க்க வேண்டிய இடங்கள் ஒரு பக்கம். சித்திரைத் திருவிழாவுக்குள் நம் ஊர்ப் புத்தகம் அச்சாகி வந்துவிட வேண்டும் என்று, கூடப் படித்த நம் வாட்ஸ்அப் குழுவின் அட்மின், அதாவது என் பெரியப்பா மகன், தினமும் காலையில் ஒரு குரல் பதிவு போடுகிறான். "நீதான் ஏழாவது படிக்கிறப்பவே ஊர் வரலாறு எழுதுனவ. ஒனக்கு இதெல்லாம் அல்வா சாப்புடுற மாதிரி" என்கிறான். அல்வாவாம்! எட்டு நாளாக இந்தத் தாளின் முன்னால் என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால், அடுப்பை அணைத்தோமா என்று எழுந்து போகிறேன். அணைத்துதான் இருக்கிறது. திரும்பி வந்தால் மொட்டைமாடியில் துணி காய்கிற ஞாபகம் வருகிறது. அறுபது தாண்டியவளுக்கு மூட்டுவலியில் இத்தனை தடவை மாடி ஏறத் தெம்பு எங்கிருந்து வருகிறது என்று என் மருமகளே கேட்டுவிட்டாள்.

எழுதத் தெரியாமல் இல்லை. எதை எழுதினால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரிந்திருப்பதுதான் தொல்லை. அதனால் முதலில் உங்களுக்குப் பிடித்ததை எழுதிவிடுகிறேன்.

நம் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில், கரிசல் காட்டில் இருக்கிறது. மழை பெய்தால் செருப்பு கையில், வெயில் அடித்தால் நிலம் பிளந்து அந்தப் பிளவுக்குள் கை போகும். அப்போது பருத்தி, கடலை, கொத்தமல்லி. இப்போது எங்கே திரும்பினாலும் மக்காச்சோளம். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் போகிற சாலையோரச் செடிகளெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். பார்க்க வேண்டிய இடங்கள் என்றால் ஏரி இருக்கிறது, தண்ணீர் இருக்கும் வருஷத்தில் பறவைகள் வரும். அம்மன் கோயில் இருக்கிறது, தேர் இருக்கிறது. அப்புறம் சக்கரக் கல். அதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள்.

கல்லின் கதை உங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆனாலும் புத்தகத்தைப் படிக்கப்போகிற வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். ஒரு பஞ்சகாலத்தில் கொள்ளிடக்கரையிலிருந்து அண்ணன் தம்பி ஏழு பேர் ஒரே மாட்டுவண்டியில் வந்தார்களாம். இந்த இடத்தில் அச்சு முறிந்து ஒரு சக்கரம் கழன்று சேற்றில் புதைந்ததாம். 'அம்மன் நிறுத்திவிட்டாள், இதுதான் நம் ஊர்' என்று முள்ளை வெட்டிக் குடியேறினார்களாம். புதைந்த சக்கரம் கல்லாகிவிட்டதாம். அந்தக் கல் பெரியப்பாவின் வயலில், கிணற்றுக்குப் பக்கத்தில் பாதி புதைந்து கிடந்தது. வட்டமாக, உள்ளே சுருள் சுருளாக, ஆரக்கால் போல வரிவரியாக இருக்கும். தொட்டால் கோடையிலும் குளிர்ந்திருக்கும்.

புதிதாக வண்டி வாங்கியவர் யாராக இருந்தாலும் அதை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். இன்றைக்கு ஜேசிபி கூடச் சுற்றுகிறது. சித்திரைத் திருவிழாவில் கல்லைக் குளிப்பாட்டிய பிறகுதான் தேர் நகரும். கல் யார் நிலத்தில் இருக்கிறதோ அந்த வீடு முதல் குடி, அந்த வீட்டுத் தலைவருக்குத்தான் கோயிலில் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். அது என் பெரியப்பா.

இதுவரைக்கும் எழுதினால் இரண்டு பக்கம் வந்துவிடும். அட்மின் கைதட்டுகிற படம் போடுவான். இருங்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நான் சொல்ல வருவது நாம் ஏழாவது படித்த வருஷம். மாசி, பங்குனி, சித்திரை, அந்த மூன்று மாதம். கடலை பறித்து முடிந்திருந்தது, மழை பெய்யவில்லை, ஊரில் யாருக்கும் இருந்த இடத்தில் இருப்பு கொள்ளவில்லை. ஆண்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக அலைந்தார்கள். எனக்கோ காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மாவே திட்டுவார். அந்த நேரத்தில்தான் நம் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு நீலத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தார்.

"ஆண்டு விழாவுக்கு கல்வி ஆபீசர் வர்றாரு. ஊர் வரலாற எழுதி நீ மேடைல படிக்கணும். நாலு பேருகிட்ட கேட்டு எழுது. கத விடாத" என்றார்.

நாலு பேரிடம் அல்ல, நாற்பது பேரிடம் கேட்டேன். ஆளாளுக்குத் தன் பாட்டன்தான் முதலில் வந்ததாகச் சொன்னார்கள். டீக்கடைக்காரர் தன் தாத்தா வந்தபோது இங்கே கரடி இருந்தது என்றார். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து கடை போட்டிருந்த தையல்காரர் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "நான் கடைசியா வந்தவன் பாப்பா, அத எழுதிக்க. அல்லா அறிய சொல்றேன், கடைசியா வந்தேன்னு சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒனக்கு வேற ஆளே கெடைக்காது." அதையும் எழுதிக்கொண்டேன். பெரியப்பா ஏழு அண்ணன் தம்பி கதையை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, நான் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓடைக்கரை வீடுகளிலிருந்து நம் வகுப்புக்கு வந்த ஒரே பெண். இப்போது நம் குழுவிலும் இருக்கிறாள், காலையில் பூப்படம் போடுவதோடு சரி. அவள் ஒருநாள் கேட்டாள்: "ஊரையே சுத்திட்ட. எங்கூட்டுக்கு மட்டும் ஏன்டி வரல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அதுதான் உண்மை. ஓடைக்கரையிலும் ஆள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு கதை இருக்கும் என்று தோன்றவில்லை.

அவளுடைய அம்மா கூலிக்கு வந்த கடலைக்கொடியைக் குவித்து வைத்து ஆய்ந்துகொண்டிருந்தார். என் அம்மாவைவிட வயதில் மூத்தவர். நான் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினேன், அவர் என்னை 'பாப்பா' என்றார். அப்படித்தான் நமக்குப் பழக்கியிருந்தார்கள், இப்போது எழுதும்போது எனக்குக் கூசுகிறது. ஒரு கை பச்சைக் கடலையை என் பாவாடையில் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"வண்டி வந்தப்ப இங்க ஆளே இல்லன்னா, தண்ணி யாரு பாப்பா குடுத்தது? அச்சு முறிஞ்சு நின்னாங்க. கூட ரெண்டு சின்னப் புள்ளைங்க, நாக்கு வறண்டு கெடந்துச்சுங்க. எங்க வூட்டுக் கெழவி ஒருத்தி ஓடையில ஊத்து தோண்டி, குடத்துல மொண்டாந்து குடுத்தா. குடிச்சுட்டு, 'தண்ணி இருக்குற எடம், இங்கனயே இருந்துக்கட்டுமா'ன்னு கேட்டாங்க. 'இருங்க'ன்னு சொன்னது நாங்க. அதுக்குத்தான் வருசா வருசம் சக்கரக் கல்லுக்கு மொதக் குடம் எங்க குடம். ஊருல அத வேலன்னு நெனைக்கிறாங்க. அது வேல இல்ல பாப்பா. மருவாதி."

ஆமாம், கூட்டாளிகளே. கல்லைக் குளிப்பாட்டுகிற முதல் குடம் தண்ணீர் அப்போதெல்லாம் ஓடைக்கரையிலிருந்து, அந்த ஒரு வீட்டிலிருந்துதான் வரும். அதை ஊற்றாமல் பெரியப்பாவுக்குப் பரிவட்டம் கட்ட மாட்டார்கள். ஏன் என்று நாம் யாரும் கேட்டதில்லை. தோரணம் கட்ட ஒருவர், பறை அடிக்க ஒருவர், அதுபோலத் தண்ணீர் தூக்க ஒருவர் என்று நினைத்திருந்தோம்.

அங்கேயே மண்ணில் குந்தி உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். முதல் வரி எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது: 'வண்டி வந்தபோது இங்கே ஆள் இருந்தது.' அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். தன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்தும் காட்டினாள். அவர் கடலை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்புடியே சொன்ன மாதிரியே இருக்கே" என்று சிரித்தார். மேடையில் நான் அதைப் படிக்கும்போது கேட்க வருவதாகவும் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு வேனில் காலேஜ் வாத்தியார் ஒருவர் பத்துப் பையன்களுடன் வந்து இறங்கினார். ஆளுக்கொரு சுத்தியல். கல்லைச் சுற்றி உட்கார்ந்து ஊதி ஊதிப் பார்த்தார்கள், அளந்தார்கள், படம் வரைந்தார்கள். வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இது சக்கரம் இல்லீங்க. கடல்ல இருந்த ஒரு பிராணி. நத்த மாதிரி ஓடு, ஆனா ரொம்பப் பெருசு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்னால இந்த எடம் பூரா கடல்" என்றார்.

பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடலா? இங்கயா? அப்ப எங்க பாட்டன் வண்டியில வரல, கப்பல்ல வந்தாருங்களா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அட்மினே, நீ சிரித்துப் புரையேறி இருமினாய். அந்த மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. என் நோட்டைப் பார்த்து, "எழுதிக்கம்மா, ஒருநாள் ஒங்க ஊருக்கு இதுதான் பேரு வாங்கித் தரும்" என்றார். எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது பலித்துவிட்டது, நீங்களே பார்க்கிறீர்கள். இப்போது கல்லுக்குத் தகரக் கொட்டகை, கம்பிவேலி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க ஒரு மேடை.

ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பெரியப்பா நோட்டைக் கொண்டு வரச் சொன்னார். களத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி முழுதும் படித்தார். எனக்குக் கால் நிற்கவில்லை. கல் சக்கரமே இல்லை என்று எழுதியிருக்கிறேனே, முதுகுத் தோலை உரித்துவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். கடல் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் சிரித்தார்.

"இருந்துட்டுப் போவுது. கடல் வந்து எங்கிட்ட பரிவட்டம் கேக்காது" என்றார்.

அப்புறம் ஓடைக்கரைப் பக்கம் வந்தது. அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை.

"இது கேக்கும்" என்றார்.

"அவங்க அம்மாதான் சொன்னுச்சு பெரியப்பா."

"வாயால சொல்லிட்டுப் போறது வேற புள்ள. எழுதி, ஆபீசர் முன்னால படிச்சா அது பத்திரம் மாதிரி. 'நாங்கதான் இருக்கச் சொன்னோம், நாங்க மூத்த குடி'ன்னு நாளைக்கு வந்து நிப்பாங்க. கிழிச்சுரு."

நான் நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீதான எழுதுன, நீயே கிழி."

கிழித்தேன். நூல் தைத்த நோட்டு, ஒரு தாளை எடுத்தால் அதற்கு எதிர்த் தாளும் ஆடும். ஒழுங்காக வரவேண்டுமே என்று, படிக்கிற பிள்ளையாயிற்றே, ஸ்கேலை வைத்துக் கிழித்தேன். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பச்சை பெல்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு வெல்லக்கட்டி கொடுத்தார். வாங்கித் தின்றேன், அதையும் மறைக்கவில்லை.

ஆண்டு விழாவில் தொண்டை கிழியப் படித்தேன். ஆபீசர் எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார். அவளும் அவள் அம்மாவும் வேலியோரம் நின்றார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, காதைத் திருப்பிக்கொண்டு, கடைசி வரைக்கும் கேட்டார். நான் படித்து முடித்து எல்லோரும் கைதட்டிய பிறகும், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல நின்றார்.

மறுநாள் பெஞ்சில் அவள் கேட்டாள்: "எங்கம்மா சொன்னது எங்கடி?"

"நேரமாயிருச்சுன்னு சார் எடுத்துட்டாரு" என்றேன். பச்சைப் பொய். ஹெட்மாஸ்டர் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அட்டை அழகாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சித்திரை வந்தது.

திருவிழாவன்று காலையில் நாம் எல்லோரும் கல்லைச் சுற்றி நின்றோம். பெரியப்பா கிணற்றில் அந்த வருஷம்தான் மோட்டார் இறக்கியிருந்தார். கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று கல் வரைக்கும் நீண்டு கிடந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பறைச் சத்தம் கேட்டது, வழக்கம்போல அந்த அம்மா வந்தார். தலையில் பித்தளைக் குடம். ஒரு பக்கம் நசுங்கி, அடியில் பற்று வைத்த பழைய குடம்தான், ஆனால் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் கண் கூசியது. குடத்து வாயில் வேப்பிலைக் கொத்து. பின்னால் என் பெஞ்சுக்காரி, புதுப்பாவாடை கட்டிக்கொண்டு.

பெரியப்பா நாலடி முன்னால் போய் நிறுத்தினார். கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. மிகவும் அக்கறையாகப் பேசினார்.

"எதுக்கும்மா இந்த வெயில்ல அவ்ளோ தூரம் சுமந்துகிட்டு? இந்த வருசத்துலேருந்து மோட்டார்த் தண்ணியே ஊத்திக்கிறோம். ஒங்களுக்கும் செரமம் இல்ல பாரு."

"வருசா வருசம் உள்ள வழக்கமுங்களே" என்றார் அவர்.

"வழக்கம் மாறக் கூடாதா? மாடு கட்டிக் கவலை எறைச்சது போயி மோட்டார் வரலையா? போயி சாமி கும்புடு, போ."

அவர் அப்படியே நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நிறைகுடம் அல்லவா. எங்கள் ஆட்களைப் பார்த்தார், யாராவது ஏதாவது சொல்வார்களா என்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை. என்னையும் பார்த்தார். நான் என் புது வளையலைப் பார்த்தேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். மோட்டாரைப் போட்டார்கள், குழாய் உதறிக்கொண்டு தண்ணீரைக் கல்லின் மேல் அடித்தது. எல்லோரும் குலவை போட்டார்கள். என் அம்மா பக்கத்தில் நின்றவரிடம், "நல்லதாப் போச்சு, பாவம், அவளுக்கும் வேல மிச்சம்" என்றார். என் அம்மா கெட்டவர் இல்லை. மனதார அப்படித்தான் நம்பினார்.

நான் அவர்கள் பின்னால் ஓடினேன். சாலையோரப் புளியமரத்தடியில் அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்தார்.

"வூட்டுக்குப் போவலையா?" என்று கேட்டேன்.

"நெறைச்ச குடத்தத் திருப்பி எடுத்துட்டுப் போவக் கூடாது பாப்பா" என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். வியர்வையா, அழுகையா என்று நான் கவனிக்கவில்லை, கவனிக்கப் பயமாக இருந்தது. "குடுக்கக் கொண்டாந்த தண்ணி. யாருக்காச்சும் குடுத்துருவோம்."

அவள் ஒரு கொட்டாங்குச்சியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். பாடாலூர்ப் பக்கமிருந்து திருவிழாவுக்கு நடந்து வந்த கூட்டம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. யார் வீட்டுக் குடம் என்று யாரும் கேட்கவில்லை. சித்திரை வெயில் அப்படி. அப்புறம் நீங்கள் வந்தீர்கள். ஆமாம், நீங்கள்தான். ராட்டினம் சுற்றிவிட்டு நாக்குத் தள்ள ஓடி வந்தீர்கள். அட்மினே, நீ மூன்று கொட்டாங்குச்சி குடித்தாய், நான் எண்ணினேன். ஓடைக்கரைத் தண்ணீர் குடித்தது தெரிந்தால் உன் அப்பா வேப்பங்குச்சியை ஒடிப்பார் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் குடித்தாய். குடித்துவிட்டு, "நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்று அவளிடம் சொன்னாய்.

கடைசியாக அவள் எனக்கு ஒரு கொட்டாங்குச்சி மொண்டு நீட்டினாள். எனக்கும் தாகம்தான். கை நீளவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் தண்ணீரை மரத்து வேரில் ஊற்றிவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று பின்பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஐம்பது வருஷத்துக்குப் பக்கம் ஆகிறது. அவள் படித்து நர்ஸாகி, பெரம்பலூரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஓடைக்கரையிலேயே வீடு கட்டி வந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் பஸ்ஸில், கல்யாணத்தில் பார்த்தால், "நல்லா இருக்கியா", "இருக்கேன்". அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பெரியப்பா போய்விட்டார். புளியமரத்தைச் சாலை தின்றுவிட்டது. நீல நோட்டு பள்ளிக்கூடத்துக் கரையானுக்குப் போயிற்று. பரிவட்டம் இப்போது அட்மின் தலையில் ஏறுகிறது. மோட்டார்க் குழாய் மட்டும் வருஷா வருஷம் புதிதாக வருகிறது. 'நீ அத எழுதாம இருந்திருந்தா அவங்க குடம் பாட்டுக்கு வந்துகிட்டு இருந்திருக்கும்' என்று அம்மா ஒருமுறை சொன்னதை நம்பி, எழுதியதுதான் என் தப்பு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசர் கொடுத்த அந்தப் பரிசு டம்ளரில் நான் தண்ணீர் குடிப்பதில்லை, பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் குழுவில் ஒரு கேள்வி போட்டேன்: 'முதல் குடம் பற்றியும் வரலாற்றில் எழுதலாமா?' உங்கள் பதில்களை மறுபடி படித்துப் பாருங்கள். 'எதுக்குப் பழசைக் கிளறணும்?' 'ஊர் ஒத்துமையா இருக்கு.' 'அவங்களேதான் வேணாம்னு விட்டுட்டாங்க.' அந்தக் கடைசிப் பதிலுக்குப் பதினோரு கட்டைவிரல். அவளும் பார்த்திருந்தாள், ஒன்றும் போடவில்லை. மறுநாள் காலையில் பூப்படமும் வரவில்லை. அட்மின் எனக்குத் தனியாகப் போன் போட்டான். "ஏய், கடல் இருந்துச்சுன்னு நீ எவ்ளோ வேணும்னாலும் எழுது. பத்துப் பக்கம்கூட எழுது. இது மட்டும் வேணாம்" என்றான். அப்படியே அவன் அப்பா பேசியது மாதிரி இருந்தது, அவனுக்கே அது தெரியாது.

நேற்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். நம்பரை அழுத்துவதற்குள் நாலு தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

"என்னடி, அதிசயமா இருக்கு" என்றாள்.

"ஒங்கம்மா சொன்னத புத்தகத்துல போடலாம்னு இருக்கேன். ஒன்னக் கேக்காம போடக் கூடாதுன்னுதான்..."

"அன்னைக்கு என்னக் கேட்டுட்டா கிழிச்ச?"

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தண்ணி நீட்டுனப்ப ஒம் மூஞ்சியப் பாத்தேன்ல. வேற யாரு சொல்லணும்?" அரிசி களைகிற சத்தம் கேட்டது. "எழுது. எங்கம்மா சொன்னத அப்புடியே எழுது. ஆனா கிழிச்சத விட்டுட்டு எழுதாத. யாரு சொல்லி யாரு கிழிச்சது, மோட்டார்த் தண்ணி எப்புடி வந்துச்சு, எல்லாத்தையும் எழுது. இல்லாட்டி நாங்களாதான் குடத்த எறக்கி வச்சுட்டோம்னு ஆயிரும். பதினோரு பேரு அதுக்குக் கட்டவெரல் காட்டியிருக்கான், பாத்தேன்."

"எழுதுறேன்" என்றேன். அழுதுவிட்டேன், அவளுக்குக் கேட்டிருக்கும். பேச்சை மாற்றுவதற்காக, "அந்தக் குடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. சித்திரை பொறந்தா புளி போட்டுத் தேச்சு வச்சுருவேன்."

"எதுக்குடி?"

"கூப்புடுவாங்கன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் தேச்சு வச்சாங்க. நான் கைப்பழக்கத்துல தேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, உலை கொதிக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

இன்று காலையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. அட்மினே, மூன்று பக்கம் கேட்டாய், இது நீண்டுவிட்டது. ஏழு அண்ணன் தம்பி இருக்கட்டும், கடலும் இருக்கட்டும், எதையும் எடுக்க வேண்டாம். ஆனால் 'ஊர் தோன்றிய வரலாறு' என்ற தலைப்புக்குக் கீழே முதல் வரியாக இதைப் போடு: 'வண்டி வந்தபோது இங்கே ஆள் இருந்தது.' அதற்குக் கீழே நான் இங்கே எழுதியது முழுதும் வரட்டும், கிழித்தவள் என்று என் பெயரும் வரட்டும். போட மனமில்லை என்றால் புத்தகத்திலிருந்து என்னை எடுத்துவிடு, நான் தனியாக அச்சடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்த வருஷம் மோட்டாரைப் போடாதே. குழுவில் செய்தி போட்டுக் கூப்பிடுகிற காரியம் இல்லை இது, பரிவட்டம் கட்டுகிறவன் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். நானும் உன்னோடு ஓடைக்கரைக்கு வருகிறேன். அவளிடம் நீ ஒன்றும் பெரிதாகப் பேச வேண்டாம், அன்றைக்குப் புளியமரத்தடியில் குடித்துவிட்டுச் சொன்னதை மறுபடி சொன்னால் போதும். குடம் தேய்த்துதான் இருக்கிறது.